மடியில் கனம்

கைத்துப்பாக்கியில் மறைக்கக் கஷ்டமான பாகம் குழல்தான் என்று நினைத்திருந்தேன். நீளமாக இருப்பது அதுதானே. ஆனால் குழலால் ஒரு தொந்தரவும் இல்லை. அது பேண்ட்டுக்குள் தொடையை ஒட்டி இறங்கிவிடும். காட்டிக்கொடுப்பது கைப்பிடி. இடுப்புக்கு மேலே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்தால் சட்டையில் முட்டும். எக்கி மேல்தட்டிலிருந்து சிகரெட் பாக்கெட் எடுத்தால் துணி இழுபட்டு அதன் மூலை அப்படியே தெரியும். இப்படித் துணியில் வடிவம் விழுவதை இங்கே ‘பிரிண்ட்’ ஆகிறது என்பார்கள். முதல்முறை கேட்டபோது சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் பிரிண்ட் என்றால் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும்தான்.

ஊர் சிவகாசிப் பக்கம். இப்போது இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே. நானும் கணவரும் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய ஒரு கடையை நடத்துகிறோம். பால், பீர், லாட்டரிச் சீட்டு, ஹாட் டாக், ஐஸ் மூட்டை. அவரும் எல்லோரையும் போல கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் வந்தார். வேலை போனது, கிரீன் கார்டு வந்தது, கடை வந்தது. அதை நீட்டிச் சொல்ல இங்கே இடமில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு டிசம்பர் ராத்திரி பத்தே முக்கால் மணிக்கு, ஒருவன் அவர் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டிக் கல்லாவைத் திறக்கச் சொன்னான். இவர் திறந்தார். 300 டாலர் சொச்சமும் சிகரெட் பெட்டிகளும் போயின. அவன் போகும்போது கதவைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்தானாம்; திறக்காமல் ஒரு நொடி பதறித் திரும்பிப் பார்த்தானாம். அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் இவர் இன்றுவரை பேசுகிறார். அதன் பிறகு அவர் ராத்திரி ஷிப்ட் பார்ப்பதில்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்க வாரத்தில் நாலு நாளைக்குத்தான் கட்டுப்படியாகிறது. மீதி மூன்று ராத்திரி நான்.

கல்லாவுக்குக் கீழே டிராயரில் வைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. கடை வேலை கல்லா பக்கத்திலேயே நடப்பதில்லை. கூலருக்குள் நின்று பீர் அடுக்க வேண்டும், தரை துடைக்க வேண்டும், கடைசியாகக் குப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் இருட்டில் இருக்கும் பெரிய தொட்டிக்குப் போக வேண்டும். எனக்குப் பயம் அந்த முப்பதடி தூரம்தான். டிராயரில் இருப்பது, டிராயர் பக்கத்தில் யார் முதலில் நிற்கிறாரோ அவருக்குச் சொந்தம். வைத்தால் உடம்பில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வைக்கவே கூடாது. இந்த முடிவுக்கு வர ஒரு நாள்கூட ஆகவில்லை. உடம்பில் எங்கே என்ற முடிவுக்கு ஏழு மாதம் ஆனது.

வாங்குவது சுலபமாக இருந்தது. ஹெச்4 விசாவில் இருந்த காலத்தில் நான் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர தற்காலிக விசாக்காரர்களுக்குக் கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டு வந்ததும் அந்தத் தடை போய்விட்டது. 4473 என்ற படிவத்தை நிரப்பினேன், கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் சரிபார்ப்புக்கு என் விவரத்தை அனுப்பினார், முடிந்தது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அம்மா எத்தனை முறை தாலுகா ஆபீசுக்கு நடந்தாள் என்பது நினைவுக்கு வந்தது.

கடைக்காரர் எனக்கு முதலில் எடுத்துக் காட்டியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன பிஸ்டல். கைப்பிடி ஊதா நிறம். பெண்களுக்கு இதுதான் என்றார். இந்த ஊதா நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. துப்பாக்கி சின்னதாக ஆக ஆக, அதே தோட்டாவின் உதை கைக்குக் கூடுதலாக வரும்; வாங்கிக்கொள்ள எடை இல்லை. ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கும். ஸ்லைடைப் பின்னால் இழுக்கவே என் கையால் முடியவில்லை. மறைக்க எளிது, சுடக் கஷ்டம். சுடப் பழகாதவர்களுக்கு அதை விற்பது, சைக்கிள் ஓட்டத் தெரியாதவளுக்கு சர்க்கஸ் ஒற்றைச் சக்கரத்தைக் கொடுப்பது மாதிரி. பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தேன். கைக்கு அடங்கியது கிளாக் 17. முழு அளவு.

ஆஸ்திரியாக்காரர் காஸ்டன் கிளாக் அதை 1980களின் தொடக்கத்தில் தன் நாட்டு ராணுவத்துக்காக வடிவமைத்தார். அதற்கு முன்னால் அவர் திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்துகொண்டிருந்தவர். சட்டகம் பிளாஸ்டிக். மேகசினில் 17 தோட்டா. நீளம் 20 சென்டிமீட்டர். தோட்டா நிரப்பினால் 900 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை இடுப்பில் செருகிக்கொள்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் உருண்டை. இது தட்டையாக, மூலைகளோடு இருக்கும்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத யாரும் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துப் போகலாம். இருந்தாலும் உரிம வகுப்புக்குப் போனேன். 50 தோட்டா சுட வேண்டும். 3, 7, 15 கஜத் தூரத்தில். 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. எப்போது சுடலாம், எப்போது கூடாது, எந்த அறிவிப்புப் பலகை கண்டால் வெளியிலேயே நிற்க வேண்டும் எல்லாம் சொன்னார்கள். அதை எங்கே வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பது, உட்காருவது, மூட்டை தூக்குவது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் அந்த வகுப்பில்தான் சுசானா ஹப் கதையைக் கேட்டேன். 1991 அக்டோபர் 16, கில்லீன் நகரத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலை. மதியச் சாப்பாட்டு நேரம். ஒருவன் தன் வண்டியைக் கண்ணாடிச் சுவரை உடைத்து உள்ளே ஓட்டிவந்து சுடத் தொடங்கினான். 23 பேர் செத்தார்கள். சுசானா அப்பா அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ரிவால்வர் உண்டு, கைப்பைக்குள் வைக்கும் பழக்கமும் உண்டு. அன்றைக்கு மறைத்து எடுத்துப் போவது டெக்சாஸில் குற்றம். மாட்டினால் மருத்துவத் தொழில் உரிமம் போய்விடும் என்று காரிலேயே விட்டிருந்தார். கை பைக்குள் போய்த் தேடியபோதுதான் அது இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்பா அவனைப் பிடிக்கப் பாய்ந்து குண்டடிபட்டார். சுசானா ஜன்னல் வழியாகத் தப்பினார். அம்மா, கணவர் பக்கத்தைவிட்டு வரவில்லை. 1995-இல் சட்டம் மாறியதற்கு அவருடைய சாட்சியம் ஒரு பெரிய காரணம். பிறகு மாநில சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தக் கதையை வைத்து இரண்டு பக்கமும் மணிக்கணக்காக வாதாடுவார்கள். அவர் கையில் இருந்திருந்தால் சுட்டிருப்பாரா, பட்டிருக்குமா. எனக்கு அந்த வாதத்தைவிட, பைக்குள் போன கைதான் மனசில் நின்றது. சட்டம் மாறிய பிறகும் நிறையப் பேரின் துப்பாக்கி காரில்தான் கிடக்கிறது. முதல் மாதம் இடுப்பில், இரண்டாம் மாதம் பையில், மூன்றாம் மாதம் காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள். அங்கிருந்து திருடன் கைக்கு. சட்டம் இப்போது தடுக்கவில்லை. இடுப்பு வலிக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே வைப்பது என்பதற்கு இங்கே கடிகாரக் கணக்கு. தொப்புள் 12 மணி. வலது இடுப்பு எலும்பு 3 மணி. முதுகுத்தண்டு 6 மணி. ஆண்களில் நிறையப் பேர் 3-க்கும் 4-க்கும் இடையில் வைக்கிறார்கள். நானும் அதில்தான் ஆரம்பித்தேன். பேண்ட்டுக்கு உட்புறம் செருகும் உறை, கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் அச்சாக வார்த்தது. ஒன்றரை அங்குல விறைப்பான பெல்ட். சாதாரண பெல்ட்டில் மாட்டினால் எடை தாங்காமல் ஒரு பக்கம் தொங்கும், பேண்ட் இறங்கும், நாள் முழுக்கத் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாதி அசௌகரியம் துப்பாக்கியால் வருவதில்லை, பெல்ட்டால் வருகிறது.

விறைப்பான பெல்ட் போட்டும் எனக்கு அது சரிப்படவில்லை. பிரச்சினை இடுப்பின் வளைவு. ஆணுக்கு இடுப்பிலிருந்து விலா வரை சுவர் மாதிரி நேராக இருக்கும், துப்பாக்கி ஒட்டிக்கொள்ளும். என் இடுப்பு அதன் அடிப்பாகத்தை வெளியே தள்ள, கைப்பிடி திரும்பி விலாவைக் குத்தியது. ராத்திரி குளிக்கும்போது அங்கே ஒரு நீலத் தழும்பு. இந்த உறைகளை விளக்கிப் பேசும் ஆண்கள் எல்லோரும், ‘இருப்பதே தெரியாது’ என்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதுதான்.

4 மணிக்கு நகர்த்தினேன். 20 ராத்தல் ஐஸ் மூட்டையை எடுக்கக் குனிந்தபோது கைப்பிடி சட்டையைக் கூடாரம் போலத் தூக்கியது. கல்லாவில் போட்டிருக்கும் முதுகு வைத்த ஸ்டூலில் சாயவும் முடியவில்லை. 6 மணியை யாருமே சொல்லவில்லை. மல்லாக்க விழுந்தால் தண்டுவடத்துக்கும் தரைக்கும் நடுவில் இரும்பு. சினிமா போலீஸ் மாதிரி தோளில் மாட்டும் உறைக்கு மேலே கோட்டு வேண்டும். ஹூஸ்டன் ஜூலையில் கோட்டுப் போட்டவளைப் பார்த்தாலே சந்தேகம் வரும். அதோடு அதில் குழல் படுக்கை வசமாகக் கிடந்தால் வரிசையில் பின்னால் நிற்பவரைக் குறிபார்க்கும். கணுக்காலில் கட்டும் உறை குட்டித் துப்பாக்கிக்கு. இதைக் கட்டினால் ஒற்றைக் கால் தண்டை போட்ட மாதிரி விந்தி நடக்க வேண்டியதுதான்.

கைப்பையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. 2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊர். 29 வயதுத் தாய், தள்ளுவண்டியில் இரண்டு வயதுப் பையன். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை அது. கிறிஸ்துமஸுக்குக் கணவர் வாங்கிக் கொடுத்தது. குழந்தை ஜிப்பைத் திறந்துவிட்டான். அந்தப் பெண் அங்கேயே இறந்தாள். நான் இதை வாசித்தபோது என் மகளுக்கும் இரண்டு வயது. என் பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒவ்வொரு உறையும் வாங்கி, பத்து நாள் போட்டு, கழற்றி வைத்தது. துப்பாக்கி வைத்திருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் பழைய உறைகள் நிரம்பிய பெட்டி ஒன்று இருக்கும் என்பது இங்கே ஒரு நகைச்சுவை. எனக்கு அது செருப்பு டப்பா. தீபாவளிக்கு மூன்று சேலை எடுக்கும் காசு அதற்குள் கிடக்கிறது.

சேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்கத் தோன்றும். முடியாது. உள்பாவாடை நாடாவில் 900 கிராமைத் தொங்கவிட்டால் கொசுவம் தரைக்கு வந்துவிடும். இடுப்பு வேறு திறந்திருக்கும். நம் ஊர் உடையில் இடுப்பில் சொருகுவது புதிதல்ல. வேட்டி மடியில் பணம், வெற்றிலை, பொடி மட்டை, வேண்டாதவன் மடியில் பிச்சுவா. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே வழியில் பயம், அதனால் மடியில் கனம். ஆனால் மடி ஆம்பளைகளுக்குக் கட்டியது. எங்களுக்கு முந்தானை முடிச்சும் சுருக்குப்பையும்.

சுடிதார் ஆச்சரியமாக உதவியது. குர்த்தா தளர்வாக இருக்கும், உடம்பைப் பிடிக்காது, பூப்போட்ட துணியில் உள்ளே என்ன மேடு இருந்தாலும் கண் அதைக் கண்டுபிடிக்காது. வெறும் நிறத்தைவிட பிரிண்ட் துணியில் ‘பிரிண்ட்’ தெரிவதில்லை. கஷ்டம் கீழே. சுடிதார் பேண்ட்டுக்கும் நாடாதான், லெக்கின்ஸுக்கு எலாஸ்டிக். எங்கே பெல்ட் மாட்டுவது?

நாடாவில் சொருகினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாடே அறிந்த உதாரணம் உண்டு. பிளாக்ஸிகோ பரஸ், அமெரிக்கக் கால்பந்து வீரர், 2008 சூப்பர் பௌலை வென்றுகொடுத்த கடைசிப் பந்தைப் பிடித்தவர். அதே வருடம் நவம்பரில் நியூயார்க்கின் ஒரு கேளிக்கை விடுதிக்கு விளையாட்டுப் பேண்ட்டின் இடுப்பில் கிளாக் ஒன்றை உறை இல்லாமல் சொருகிக்கொண்டு போனார். அது நழுவியது. பிடிக்கப் போனார். தொடையில் குண்டு. நியூயார்க்கில் உரிமமும் இல்லாததால் இரண்டு வருடத் தண்டனை. கிளாக்கில் விரலால் தள்ளும் பூட்டு கிடையாது. ட்ரிக்கர் அழுந்தினால் வெடிக்கும். அதனால் உறையின் முதல் வேலை மறைப்பதோ சுமப்பதோ அல்ல. ட்ரிக்கரின் மேல் எதுவும் படாமல் கெட்டியாக மூடி வைப்பது. துணியில் செய்த வயிற்றுப் பட்டைகள் பஞ்சு போல இதமாகத்தான் இருந்தன. வெளியிலிருந்து அழுத்தினால் ட்ரிக்கர் விரலுக்குத் தட்டுப்பட்டது. அன்றைக்கே டப்பாவுக்குள் போட்டேன்.

கடைசியில் கிடைத்தது உடையோடு சம்பந்தமே இல்லாத ஒரு பெல்ட். தோலை ஒட்டி, இடுப்பைச் சுற்றி, உள்ளாடைக்கு மேலே தனியாகக் கட்டிக்கொள்வது. அதில் கெட்டி உறை பொருத்தியிருக்கும். மேலே லெக்கின்ஸோ நைட்டியோ எதுவும் போடலாம். அரைஞாண் கயிறேதான். இடம் 1 மணி, தொப்புளுக்குக் கொஞ்சம் வலது. அங்கே பெண் உடம்பில் ஒரு இயற்கையான பள்ளம் இருக்கிறது, கைப்பிடி விலாவைத் தொடாது. உறையின் அடிமுனைக்குப் பின்னால் ஒரு ரப்பர் திண்டு ஒட்டினேன். அது கீழ்ப்பகுதியை வெளியே தள்ள, மேலே கைப்பிடி வயிற்றுக்குள் சாயும். குழல் நீளமாக இருப்பது இங்கே நல்லதாகிறது. சின்னத் துப்பாக்கி என்றால் எடையெல்லாம் மேலே நின்று கவிழப் பார்க்கும், இதன் நீளம் அதைச் சாய விடாமல் பிடிக்கிறது. முழு அளவு கஷ்டம் என்று சொன்ன எல்லோரும் இதைச் சொல்லவில்லை.

கஷ்டம் வேறு. குழல் பார்க்கும் திசை. அடிவயிறும் தொடை இடுக்கும், ரத்தக்குழாய் ஓடும் இடம். முதல் இரண்டு வாரம் தோட்டா இல்லாமலே போட்டுக்கொண்டேன். மகள் தூங்கிய பிறகு, தோட்டாவை வேறு அறையில் பூட்டிவிட்டு, இடது கையால் குர்த்தாவை நெஞ்சுவரை தூக்குவது, வலது கையால் எடுப்பது, திரும்ப வைப்பது. வைக்கும்போதுதான் அபாயம் அதிகம். துணி நுனியோ நாடாவோ உறைக்குள் மாட்டலாம். அதனால் திரும்ப வைப்பதற்கு அவசரமே கிடையாது. இடுப்பை முன்னால் தள்ளி, கண்ணால் பார்த்து, மெதுவாக. இல்லாவிட்டால் உறையோடு கழற்றி, உறைக்குள் வைத்தபின் கட்டு. இதை நூறு முறை செய்தேன். நூறாவது முறையும் முதுகில் வியர்த்தது.

உடம்பு கற்றுக்கொண்டது. மூட்டைக்கு இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கினேன். மேல்தட்டுச் சிகரெட்டுக்கு இடது கை. ஸ்டூலின் உயரத்தைக் கூட்டினேன். முட்டி இடுப்பைவிடக் கீழே இருந்தால் குழல் தொடையைக் குத்தாது. கைப்பிடியின் சொரசொரப்புக்கு உள்ளே ஒரு பனியன். கழிவறையில் அவிழ்க்க வேண்டியதில்லை, பெல்ட் உடம்போடு இருக்கிறது. இது சின்ன விஷயமில்லை. 2015-இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் பாதுகாப்புக் காவலர்கள் கழிவறையில் மறந்துவைத்த துப்பாக்கிகள் செய்தியாயின. ஒன்று ஒரு குழந்தையின் கண்ணில் பட்டது. அவர்கள் அதையே தொழிலாகச் சுமப்பவர்கள்.

ஏழாவது மாதம் ஒரு ராத்திரி, கடையைப் பூட்டிக் காரில் பாதி தூரம் வந்தபின், சாயங்காலத்திலிருந்து அதை ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். எல்லோரும் தேடும் சௌகரியம் இதுதான். எனக்கு அது சந்தோஷமாக இல்லை. வலித்தபோது அது இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது. துப்பாக்கி தைரியத்துக்கு, சொகுசுக்கு இல்லை என்று பயிற்சிக் கூடங்களில் ஒரு பேச்சு உண்டு. வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது. எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது.

மாறிய இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. நான் சண்டைக்காரி. லாட்டரிச் சீட்டைச் சுரண்டிவிட்டுக் காசு தரமாட்டேன் என்பவனை, சில்லறையை மேசையில் வீசுபவனை, இத்தனை வருடமாக விட்டதே இல்லை. இப்போது விட்டுவிடுகிறேன். “சரி சார், குட் நைட்.” கைகலப்பு வரை போனால் அந்தச் சண்டையில் ஒரு துப்பாக்கி இருக்கும், அதைக் கொண்டுவந்தவள் நானாக இருப்பேன். அவனுக்கு அது தெரியாது. தெரிந்தவள் நான், ஆகவே நான்தான் இறங்கிப்போக வேண்டும். போன மாதம் ஒருவன் என்னை ஒரு மோசமான வார்த்தை சொன்னான். நான் பையில் பாலைப் போட்டுக் கொடுத்தேன். என் தோழி இதைக் கேட்டு, “அப்ப அது உன்னத்தான கட்டிப்போட்டிருக்கு?” என்றாள்.

அவர் அதைத் தொடமாட்டார். கல்லாவுக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்க இடமில்லை. முன்பெல்லாம் என் இடுப்பில் கை வைத்து ஒதுக்கிவிட்டுத்தான் தாண்டிப்போவார். இப்போது, எங்கள் சொந்தக் கடையில், “எக்ஸ்கியூஸ் மீ” என்கிறார்.

“அன்னைக்கு அது என் இடுப்புல இருந்திருந்தா நான் கை வச்சிருப்பேன். வச்சிருந்தா இன்னைக்கு உன்கிட்ட பேசிட்டிருக்க மாட்டேன்.”

“அவன் சுட்டிருந்தா என்ன பண்ணிருப்பீங்க?”

“சுடலையே.”

“கதவு திறக்கலன்னு திரும்பிப் பாத்தான்ல. அப்ப சுட்டிருக்கலாம்ல?”

“அப்ப என் ரெண்டு கையும் கல்லா மேல இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் போனான்.”

இந்தப் பேச்சு இத்தோடு நிற்கும். அடுத்த வாரம் இதே இடத்திலிருந்து தொடங்கும். அவர் சொல்வது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ராத்திரி ஷிப்டுக்கு அவர் வருவதுமில்லை.

மகளுக்கு நாலு வயது. தூக்கச் சொன்னால் இடது இடுப்பில்தான் ஏறுவாள், நான் வலது கைக்காரி. ஒரு கால் முன்னால் வரும், குதிகால் நேராக 1 மணியில் உதைக்கும். கெட்டி உறை, ஒன்றும் ஆகாது, தெரியும். இருந்தாலும் அது கட்டியிருக்கும்போது அவளைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் படுக்கையறை, விரல் ரேகைப் பெட்டி, பூட்டிய சத்தம், பிறகுதான் அவள். அவளுக்கு இது பழகிவிட்டது. கதவில் நின்றுகொண்டு கையை நீட்டமாட்டாள். ‘டிக்’ சத்தம் கேட்டதும் ஓடிவருவாள்.

அம்மா போன கோடையில் ஆறு மாதம் வந்திருந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். மூன்றாம் நாள் கடைக்குச் சோறு கொண்டுவந்தவள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

“என்னடி இது, வயித்துல கல்லு கணக்கா?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சின்ன வயதில் அம்மா விளையாட்டுத் துப்பாக்கிக்கான பொட்டு வெடி ரோல்களை டப்பாவில் அடைக்கும் வேலைக்குப் போனவள். ஒரு நாள் பக்கத்துக் கொட்டகை பற்றி எரிந்ததைப் பார்த்திருக்கிறாள். மருந்து வேலைக்காரர்களுக்கே உரிய கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். எதுல படக்கூடாது? சூடு பட்டா? கீழ விழுந்தா? பிள்ள கைக்கு எட்டுமா? பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லவில்லை, பூட்டித்தான் காட்டச் சொன்னாள். பெல்ட்டைப் பார்த்துவிட்டு, “அரணாக்கயிறு மாதிரில்ல இருக்கு” என்றாள். நல்லது, கெட்டது எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பியர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போவோம். 2017-இல் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, டெக்சாஸில் 2019-இல் சட்டம் தெளிவாக்கப்பட்டது: வழிபாட்டுத் தலம் தடுத்து அறிவிக்காவிட்டால் உரிமம் உள்ளவர் எடுத்துச் செல்லலாம். நான் எடுத்துப்போவதில்லை. தத்துவம் எதுவும் இல்லை. 20 சென்டிமீட்டர் இரும்பை 1 மணியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட முடியாது, விழுந்து கும்பிட முடியாது. அம்மா பக்கத்தில் நெற்றி தரையில் பட விழுந்து எழும்போது எனக்கு இடுப்பு லேசாக, கொஞ்சம் அதிகமாகவே லேசாக இருந்தது.

ஊருக்குக் கிளம்பும் முன் அம்மா என் அளவு குர்த்தா ஒன்றைப் பெட்டியில் எடுத்து வைத்தாள். அங்கே எங்கள் டெய்லர் அண்ணனிடம் கொடுத்து ஆறு தைத்து அனுப்புவதாகச் சொன்னாள். கடையில் வாங்கும் குர்த்தாவின் நீளத்தை நெஞ்சுவரை சுருட்டி எடுப்பதற்குள் விடிந்துவிடும். நான் அறையில் பழகுவதைப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து டெய்லர் கடையிலிருந்தே வீடியோ காலில் வந்தாள். நீளம் முட்டிக்கு மேல நாலு இஞ்ச் குறை, வயிற்றுப் பக்கம் லூஸ் வை, துணி எல்லாம் பூப்போட்டது, சைடு ஓப்பன் ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்ச் மேல ஏத்து என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். டெய்லர் அண்ணன் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இவ்வளவு மேல வெட்டுனா இடுப்பு தெரியுமே. நம்ம பாப்பா போடுமா?”

“உள்ள பனியன் போடுவாண்ணே. நீங்க வெட்டுங்க.”